இடுப்பில் கட்டிய காற்று

என் அக்கா வடிவைப் பற்றிச் சேக்காட்டில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் பேசுவார்கள். "கிணத்தாண்ட நின்னுகினு புருசனுக்குக் காத்து அடிச்சுதே, அந்தப் பொம்பளையா?" என்பார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்களில் ஒருவராவது ஒரு தடவை வந்து அந்தப் பம்பின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்ததுண்டா? மேட்டில் நின்று வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வேடிக்கை பார்த்ததோடு சரி. எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வரும். அக்காதான், "உடுடா, சிரிச்சா சிரிச்சுட்டுப் போவட்டும்" என்று அடக்குவாள்.

இப்போது அந்தக் கிணறு பட்டாளத்துக்காரர்கள் போட்ட முள்வேலிக்குள் போய்விட்டது. நான் சொல்வது இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முன்னால் நடந்த கதை.

அக்காவைப் பூந்தமல்லிக் கடைத்தெருவில் பரந்தாமன் மாமாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா அங்கே ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் பிட்டர். அப்பா போன பிறகு நிலத்தை நான் ஒருவனாகப் பார்க்க முடியவில்லை என்று அக்காவும் மாமாவும் சேக்காட்டுக்கே குடி வந்துவிட்டார்கள். மாமா சைக்கிளில் வேலைக்குப் போய் வருவார். தங்கமான மனுஷன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, நாடகக் கொட்டகைப் பக்கம்கூடப் போகமாட்டார். இருந்தது ஒரே ஒரு பைத்தியம். தண்ணீருக்கு அடியில் போய் உட்கார வேண்டும்.

அது பிடித்தது மதராஸ் துறைமுகத்தில். ஏதோ ஒரு பஸ் சாமான் வாங்கப் போனவர், கப்பல் பக்கத்தில் கூட்டம் நிற்கிறதே என்று எட்டிப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

"தலைல செப்புக் கொடம் மாதிரி ஒண்ணக் கவுத்துகினு ஒரு ஆளு கடலுக்குள்ள எறங்கறான் மச்சான். மேல நின்னுகினு காத்து அடிக்கிறானுங்க. அந்தாளு அவன் பாட்டுக்குக் கீழ நடந்துகினு கீறான்!"

"சரி, அதுக்கு இன்னா இப்போ?" என்றேன்.

"நானும் போவணும்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாமாவுக்கு நீச்சலே தெரியாது. கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவர், முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் வேட்டியை மட்டுமல்ல, மூச்சையும் பிடித்துக்கொள்வார். எங்கள் அக்காவோ பாவாடை கட்டும் வயதிலேயே சேக்காட்டு ஏரியை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்தியவள். ஆசை வந்ததென்னவோ மாமாவுக்குத்தான்.

கரையான்சாவடியில் தகரப் பட்டறை வைத்திருந்த கலீல் ரகுமான் பாய் மாமாவுக்குச் சிநேகிதர். அவரிடம் போய் ஒரு மண்ணெண்ணெய்த் தகர டின்னைக் கொடுத்து, தோளில் உட்காருகிற மாதிரி அடியை வெட்டி, முன்னால் கண்ணாடி பதித்து, விளிம்புக்கு ரப்பர் கட்டித் தரச் சொன்னார். பின்பக்கம் ஒரு குழாய். குழாய் வாயின் உள்ளே ஒரு சின்னத் தோல் மூடி. காற்று வந்தால் திறக்கும், திரும்பிப் போகப் பார்த்தால் மூடிக்கொள்ளும்.

"எதுக்குப்பா இது? கிணத்துல பொதையல் கீதா?" என்று பாய் கேட்டிருக்கிறார்.

"பொதையலும் இல்ல, ஒண்ணும் இல்ல பாய். சொம்மா பாக்கறதுக்கு."

பாய் ஈயம் பற்ற வைக்கிற கோலைக் கீழே வைத்துவிட்டு, "சொம்மா பாக்கவா!" என்று கொஞ்ச நேரம் மாமாவின் முகத்தையே பார்த்தாராம். இருந்தாலும் டின்னை அழகாகச் செய்து கொடுத்தார். ஒரு சொட்டு ஒழுகாது.

எங்கள் நிலத்துக் கிணறு பெரிய கிணறு, இறங்கப் படிகள் உண்டு. ஏற்றம் உடைந்து உள்ளே விழுந்ததிலிருந்து அதில் யாரும் இறைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளையில் வெயில் நேராகக் கிணற்றுக்குள் இறங்கும். அதுதான் மாமாவின் நேரம். தலையில் டின், இடுப்பில் இரும்பு எடைக்கற்கள், இன்னொரு பக்கம் கயிறு. படிப்படியாக இறங்கி, தண்ணீருக்குள் மூழ்கி, அடியில் போய் ஒரு கல்லின்மேல் குந்திக்கொள்வார். மேலே வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. எதையாவது எடுத்துக்கொண்டு வந்திருந்தால் ஊர் மதித்திருக்கும். ஒரு சொம்பு, ஒரு கொலுசு, ஏதாவது. இவரோ விரால் மீன் தன் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு போனதையும், கீழேயிருந்து பார்த்தால் சூரியன் ஆடுவதையும் அரை நாள் சொல்லிக்கொண்டிருப்பார்.

மேலே காற்று அடிப்பது அக்கா. ஷெட்டில் கழித்துப் போட்ட டயர் பம்பு ஒன்றை மாமா தோல் மாற்றிச் சரி செய்து, ஒரு நீள ரப்பர் குழாயால் டின்னோடு இணைத்து வைத்திருந்தார். முதலில் என்னைத்தான் அடிக்கச் சொன்னார்கள். நடுவில் என் கை ஒரு பீடியைத் தேடிப் போனது. அவ்வளவுதான், அக்கா என்னை ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கயிறுதான் கிடைத்தது. நான் ஒரு தடவை இழுத்தால், "நல்லா கீறியா?" என்று அர்த்தம். கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தால், "கீறேன்." இரண்டு இழுப்பு வந்தால், "தூக்கு." மாமா பாதி நேரம் பதிலே தரமாட்டார். கேட்டால், "மீனு பாத்துகினு இருந்தேன், மறந்துட்டேன்" என்பார். அந்தப் பதில் வருகிற வரைக்கும் அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்காது.

ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே அக்கா பேச்சை எடுத்தாள். "ஒரு பம்பு, ஒரு கொழா, ஒரு புருசன். இதுல எது அத்துகினு போனாலும் நான் இன்னாய்யா பண்ணுவேன்?"

"கயித்தப் புடிச்சுத் தூக்கு."

"கயிறு சிக்கிகினா?"

மாமா ரசத்தைக் குடித்தார்.

"இன்னொரு காத்து எடுத்துகினு போ. கூடவே. உன் ஒடம்போட. இல்லாங்காட்டி நான் அந்தக் கைப்பிடியத் தொடமாட்டேன். உன் மச்சானக் கூப்ட்டு அடிக்கச் சொல்லு."

என்னை நம்பி இறங்க மாமாவுக்கு என்ன பைத்தியமா? மறுநாளே பாய் பட்டறைக்குப் போனார். ஒரு சின்ன மோட்டார் காரின் டயர் டியூப்பை வாங்கி, அதன் வாயில் சாயாக்கடை பாய்லரில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு பித்தளைத் திருகு குழாயைப் பாய் வைத்துக் கொடுத்தார். டியூப்பில் காற்றை அடைத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியது. பம்பு நின்றால் அந்தக் குழாயை டின்னுக்குள் நுழைத்துத் திருக வேண்டியது. கொஞ்ச நேரத்துக்கு மூச்சு கிடைக்கும்.

அதில் ஒரு தொல்லை. காற்று நிறைந்த டியூப் சும்மா இருக்குமா? மேலே மேலே இழுக்கும். அதைக் கீழே அழுத்த மாமா இன்னும் இரண்டு எடைக்கற்கள் கட்டவேண்டி வந்தது. "கல்யாண வூட்டு அண்டாவ இடுப்புல கட்டிகினு நடக்கற மாதிரி கீது மச்சான்" என்று என்னிடம் முனகுவார். அக்காவிடம் முனகத் தைரியம் கிடையாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் இறங்குவதற்கு முன் அக்கா டியூப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள், திருகைத் திறந்து மூடிப் பார்ப்பாள், பிறகுதான் பம்பின் பக்கம் போவாள். மாமாவின் தலை தண்ணீருக்குள் மறைந்ததும் அவள் முகம் முன்பு மாதிரி வெளுக்கவில்லை. "அந்த டியூப்பு கூடக் கீதுன்னுதான்டா ஞாயித்துக்கெழம நான் சோறு துன்றேன்" என்று என்னிடம் ஒரு முறை சொன்னாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அக்கா பூஜை போட்டால் கூடத்தில் நடக்க இடம் இருக்காது. கலப்பை, மண்வெட்டி, அரிவாள், மாமாவின் ஸ்பேனர், சைக்கிள் எல்லாவற்றையும் கழுவிப் பரப்பினாள். நடுநாயகமாகத் தகர டின், பம்பு, ரப்பர் குழாய், டியூப். டின்னுக்குக் கண்ணாடியின் மேலே பெரிய குங்குமப் பொட்டு.

"அக்கா, மாமா மூஞ்சிக்கு வெக்கறதத் தகரத்துக்கு வெக்கிறியா?" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்டா எனக்கு" என்றாள்.

பம்பின்மேல் அவளுக்குத் தனிப் பாசம். சந்தனத்தைக் கட்டியாகக் குழைத்து, கைப்பிடியிலிருந்து தொடங்கி உடம்பெல்லாம் பூசி, காற்று வெளியே வருகிற மூக்கிலும், ரப்பர் குழாயின் வாயிலும் அள்ளி அப்பினாள். தன் புருஷனுக்கு மூச்சு போகிற வழி அதுதானே, அங்கே பூசாமல் எங்கே பூசுவாள்? அன்றைக்கு எதையும் தொடக்கூடாது. எல்லாம் பூஜையிலேயே இருந்தது. சந்தனம் நன்றாகக் காய்ந்தது.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து நல்ல நேரத்தில் வேலை செய்ய வேண்டும். மாமாவுக்கும் ஷெட் லீவு. உச்சி வேளைக்குக் கிணற்றடிக்குப் போனோம். எடுத்த எடுப்பில் அக்கா டியூப்பை மாமாவின் இடுப்பில் வைத்து, பூஜையில் இருந்த மஞ்சள் கயிற்றால் அவள் கையாலேயே சுற்றிச் சுற்றி முடி போட்டாள்.

"இது பூசைக் கயிறு. ஊட்டுக்குப் போயி நான்தான் அவுப்பேன். நடுவுல நீ கைய வெச்சே, சாமி குத்தம் ஆயிடும், பாத்துக்கோ."

மாமா கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமி விஷயத்தில் அவர் மகா பயந்தாங்கொள்ளி.

இறங்கினார். அக்கா அடித்தாள். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. குமிழிகள் வந்தன, நான் கயிற்றை ஒரு தடவை இழுத்தேன், பதிலும் வந்தது. அப்படியே நல்லபடியாக முடியும் என்றுதான் நானும் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

"டேய் தங்கவேலு" என்றாள் அக்கா. அவள் குரலைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். "கைப்பிடி கெட்டியா கீதுடா. எறங்க மாட்டேங்குது."

ரப்பர் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று தடவிக்கொண்டே தண்ணீர் வரை ஓடினேன். மடங்கவில்லை. அக்கா தன் முழு எடையையும் கைப்பிடியில் போட்டுத் தொங்கினாள். கைப்பிடி பாதியில் நின்றது. தண்ணீரில் குமிழிகள் குறைந்தன, ஒன்றிரண்டாயின, நின்றே போயின.

"தூக்குடா! தூக்கு!"

கயிற்றை இழுத்தேன். கொஞ்சம் வந்தது, அப்புறம் சிக்கிக்கொண்டது. அடியில் கிடந்த ஏற்ற மரத்தைக் கயிறு சுற்றிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. நான் இழுக்க இழுக்க அது மாமாவை அந்த மரத்தோடுதான் சேர்த்துக் கட்டும். எனக்கு அழுகை வந்தது. இப்போது சொல்ல என்ன வெட்கம், ஓவென்று அழுதேன்.

"அழாத. இத அடி" என்று பம்பை என்னிடம் தள்ளிவிட்டு, அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிலிருந்து அப்படியே கிணற்றுக்குள் குதித்தாள். நான் பம்பின்மேல் விழுந்து அழுத்தினேன். அது அசைய வேண்டுமே! பாழாய்ப்போன பம்பு, பாறை மாதிரி நின்றது.

அப்போதுதான் கிணற்றின் நடுவில் தண்ணீர் கொப்பளித்தது. பெரிய பெரிய குமிழிகள், வெள்ளை வெள்ளையாக, அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டியது போல. டின் கழன்றுவிட்டது, உள்ளே இருந்த கடைசிக் காற்றும் வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன். என் அக்கா தாலியை இழந்தாள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

அக்கா தலையை வெளியே நீட்டினாள். "வெள்ளையா கீதுடா! கண்ணாடி பூரா வெள்ளை! மூஞ்சியே தெரியல!" என்று கத்திவிட்டு மறுபடி மூழ்கினாள். நான் மாரியாத்தா, கன்னியம்மா என்று வாயில் வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

காலடியில் கிடந்த கயிறு அசைந்தது. கையில் எடுத்தேன். தளர்ந்திருந்தது. யாரோ கீழே அதை மரத்திலிருந்து சுற்றி எடுக்கிறார்கள். அப்புறம் ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு.

அந்த இரண்டு இழுப்பு மாதிரி ஒரு சந்தோஷத்தை என் ஆயுசில் நான் அனுபவித்ததில்லை. என் கல்யாணத்தன்றுகூட இல்லை, என் பெண்டாட்டி கேட்டாலும் இதையேதான் சொல்வேன். இழுத்தேன். அக்காவும் நீந்தி வந்து தோளைக் கொடுத்தாள். படியில் உட்காரவைத்து டின்னைக் கழற்றினோம்.

உள்ளேயிருந்து வந்த முகத்தைப் பார்க்கவேண்டுமே! புருவம், மீசை, காது எல்லாம் வெள்ளை. புது டியூப்புக்குள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வெள்ளைத் தூள் போட்டிருப்பார்கள். திருகைத் திறந்ததும் காற்றோடு அத்தனை தூளும் மாமாவின் மூஞ்சியில் அடித்திருக்கிறது. மாமா வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை, தும்மல் வந்தது. தும்மினார், தும்மினார், தும்மிக்கொண்டே இருந்தார். செத்தவன் தும்மமாட்டான் அல்லவா? ஒவ்வொரு தும்மலுக்கும் எனக்கு உயிர் திரும்பி வந்தது.

"மச்சான்..." என்றார் கடைசியில். "கீழ கன்னிமாரு கீதுடா! கண்ணாடிய உள்ளார தொடச்சுட்டு நான் கண்ணால பாத்தேன்! பொடவ கட்டிகினு, தலைய விரிச்சுப் போட்டுகினு, நேரா என்னாண்ட வந்து கண்ணாடிய மோந்து பாத்துச்சுடா! காத்து நின்னதுக்குக்கூட நான் பயப்படல. அதப் பாத்துதான் கொல நடுங்கிப் போச்சு. கயித்த மரத்துலேர்ந்து அவுத்துகினு ஓடியாந்தேன்."

"நாந்தான்யா அது!" என்று அக்கா அவர் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் அவரைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். எனக்கும் அப்படித்தான். மூன்று பேரும் கிணற்றுப் படியில் பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

மூச்சு சீரான பிறகு நான் டின்னின் பின்னால் இருந்த குழாயைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த தோல் மூடியில் கட்டியாக ஏதோ அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். வாசனையே சொல்லிவிட்டது. பூஜைச் சந்தனம். காய்ந்த கட்டி காற்றோடு குழாய்க்குள் போய், அந்தச் சின்ன வாயில் உட்கார்ந்துவிட்டிருக்கிறது.

அக்கா என் உள்ளங்கையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "என் கையாலயே... ஐயோ, என் கையாலயே அடைச்சனே!" என்று தலையில் அடித்துக்கொள்ளத் தொடங்கினாள்.

மாமாவுக்கு அவள் அழுதால் தாங்காது. எட்டி அவள் கையைப் பிடித்தார். "அழாத மே. பைத்தியமா நீ? உன் பூசதான் என்னக் காப்பாத்திச்சு. அந்த மஞ்சக் கயித்த மட்டும் நீ கட்டாம இருந்தா, இன்னிக்கும் எப்பவும் போல இந்த டியூப்பத் தண்ணிக்குள்ள அந்த வளையத்துல மாட்டிட்டுத்தான்..."

அங்கே நிறுத்தினார். நிறுத்தி என்ன பிரயோஜனம்?

கிணற்றுச் சுவரில், தண்ணீருக்குக் கொஞ்சம் கீழே, பழைய இரும்பு வளையம் ஒன்று உண்டு. மாமா தண்ணீருக்குள் தலை மறைந்ததும் டியூப்பை அவிழ்த்து அதில் மாட்டிவிட்டு, கூடுதல் எடைக்கற்களைப் படியில் வைத்துவிட்டு, சுகமாக இறங்கிப் போயிருக்கிறார். திரும்பும்போது மறுபடி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இன்று பூஜைக் கயிற்றை அவிழ்க்கப் பயந்துதான் அடி வரைக்கும் சுமந்திருக்கிறார்.

"எப்பவும் போலவா?" என்று அக்கா கேட்டாள்.

மாமா தும்மலைக்கூட அடக்கிக்கொண்டார்.

"அப்போ இத்தினி நாளும் நீ காத்து இல்லாமத்தான் கீழ போனே. நான் இங்க டியூப்பு கீது, டியூப்பு கீதுன்னு நெஞ்சத் தேத்திகினு அடிச்சுகினு கெடந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் மாமா பிழைத்திருப்பார். வீட்டுக்கு வந்து கயிற்றை அவிழ்த்தாள், வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், சோறு போட்டாள், குழம்பில் உப்புகூடக் குறையவில்லை. பேச்சு மட்டும் இல்லை. மாமா வீட்டுக்குள் திருடன் மாதிரி நடமாடினார். "நாலு வார்த்த திட்டச் சொல்லுடா மச்சான்" என்று என்னிடம் கெஞ்சினார். நன்றாக அனுபவிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கும் அவர்மேல் ஆத்திரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமா பம்பையும் குழாயையும் வெந்நீரில் கழுவி, தோல் மூடியை மாற்றி, ஊதி ஊதிப் பார்த்து வைத்திருந்தார். கிணற்றுக்கு வரச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. அக்காதான் எழுந்தாள்.

"இன்னிக்கு நான் எறங்கறேன். நீ அடி."

"உனுக்கு எதுக்கு மே அதெல்லாம்..."

"சொம்மா பாக்கறதுக்கு."

மாமா டியூப்பை அவள் இடுப்பில் கட்டினார். கட்டிவிட்டு இழுத்துப் பார்த்தார். திருகைத் திறந்து மூடினார். பிறகு மறுபடி திறந்து மூடினார். டின்னைத் தூக்கி அவள் தோளில் வைத்தார். அக்கா படியிறங்கினாள். தண்ணீர் அவள் கண்ணாடிக்கு மேலே மூடிக்கொண்டது.

மாமா அடித்தார். கண் தண்ணீரை விட்டு நகரவில்லை. கொஞ்ச நேரத்தில், "கேளுடா" என்றார். நான் ஒரு தடவை இழுத்தேன். ஒரு இழுப்பு பதிலாக வந்தது. "நல்லா கீதாம்" என்றேன். மாமா தோளில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. "கேளுடா."

இழுத்தேன். பதில் இல்லை.

"இன்னொரு வாட்டி."

இழுத்தேன். கயிறு என் கையில் சும்மா கிடந்தது.

"மாமா, கொமிழி வருது பாரு. நல்லாத்தான் கீறாங்க. மீனு பாத்துகினு இருப்பாங்க" என்றேன்.

"கொமிழி வராம இன்னாடா பண்ணும்? நான் அடிக்கிறேன், அது வருது! நான் அடிக்கிற வரைக்கும் பொணத்துக்கும் வருமேடா கொமிழி!" என்று மாமா அலறினார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பம்பை விட்டு எழுந்து ஓடவும் முடியாது, விட்டால் காற்று நிற்கும். ஓடினாலும் நீச்சல் தெரியாது. நின்ற இடத்திலேயே குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து அடித்துக்கொண்டே, "வடிவு, வடிவு" என்று கிணற்றைப் பார்த்துக் கூப்பிட்டார். தகரத்துக்குள் தண்ணீருக்கு அடியில் இருப்பவளுக்கு அது எங்கே கேட்கப்போகிறது? இடுப்பு வேட்டியை இறுக்கிக்கொண்டு குதிக்கப் போனேன்.

கயிறு இரண்டு தடவை இழுத்தது.

மேலே கொண்டுவந்து டின்னைக் கழற்றினேன். அக்கா முகம் அமைதியாக இருந்தது, ஒரு கீறல் இல்லை. மாமா பம்பை உதறிவிட்டு ஓடிவந்து, அவள் கையை, கன்னத்தை, தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"ஏன் மே பதில் சொல்லல? எனுக்கு உசுரே போயிடுச்சு மே! இவன் இன்னாடான்னா கொமிழி வருது, கொமிழி வருதுன்றான். நீ கீறியா செத்தியான்னு அந்தக் கொமிழியப் பாத்தா எப்டி மே தெரியும்?"

அக்கா ஈரக் கூந்தலைப் பிழிந்தாள்.

"தெரியாது" என்றாள். "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் நான் அதத்தான்யா பாத்துகினு கெடக்கறேன்."

மாமா அவள் காலடியில் படியிலேயே உட்கார்ந்து, அவள் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். அக்கா அவர் தலையில் கையை வைத்தாள். விஜயதசமிக்குப் பிறகு அப்போதுதான் அவள் அவரைத் தொட்டாள். "சரி, எய்ந்திரு. பசிக்குது" என்றாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா இறங்கினார். இரண்டு எடைக்கற்கள் கூடுதலாக, டியூப் இடுப்பில் இறுக்கமாக. அக்கா பம்பைப் பிடித்தாள். வளையத்தைத் தாண்டி அவர் டியூப்போடு கீழே போவதை நான் படியில் கவிழ்ந்து படுத்துப் பார்த்து, அக்காவுக்குச் சொன்னேன். பிறகு கயிற்றை ஒரு தடவை இழுத்தேன்.

கயிற்றிலிருந்து என் விரல் தளர்வதற்குள் பதில் வந்துவிட்டது.